கண்டக்டருக்குக் கட்டிய பை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பிந்துஜாவின் பைக்குள் கையை விடாத வீட்டார் கிடையாது. மணவாட்டியின் ரவிக்கைக் கொக்கி ஆலய வாசலில் வைத்துத்தான் அறுந்து போகும். மாப்பிள்ளை புது ஷூ வாங்கியிருப்பான், சாக்ஸ் வாங்கியிருக்க மாட்டான். புகை மெஷினுக்கு நடுவில் நடந்து வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தவனுக்கு அந்தப் புகையிலேயே மூச்சு முட்டும். பெண்ணின் சித்தப்பன் காலையிலேயே குடித்துவிட்டு வந்து நிற்பான், அவன் வாய்க்குள் போட ஏலக்காய் வேண்டும். இத்தனைக்கும் மருந்து அந்தக் கறுப்புப் பையில் இருந்தது. பிந்துஜா அதை அவசரப் பை என்பாள். உண்மையில் அவசரம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, பொறுப்பில்லாத பத்துப்பேர் ஓரிடத்தில் கூடினால் அதற்குப் பேர்தான் அவசரம் என்பது அவளுடைய தீர்மானம். ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று பலகை மாட்டிய நாளிலிருந்து அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளும்படி யாரும் நடந்துகொள்ளவில்லை.

இப்போது கொஞ்ச காலமாகச் சாவும் அவள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஊரில் குழி வெட்ட ஆள் உண்டு, பெட்டி செய்ய ஆள் உண்டு, ஜெபிக்க ஆலயத்தில் அச்சன் உண்டு. அழுவதற்கு மட்டும் ஆள் விமானத்தில் வரவேண்டியிருந்தது. வருகிறவர்களுக்கு ஊரில் எந்தக் கடை எங்கே இருக்கிறது என்றுகூட நினைவில்லை. ஆகவே பந்தல், நாற்காலி, குளிர்பெட்டி, பூச்சிலுவை, வெளிநாட்டுச் சொந்தங்கள் போனில் பார்க்க வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் துக்கப்பட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு பை என்றால் அடக்கத்துக்கும் ஒரு பை. அது வெள்ளை.

ஆரியங்கோட்டுச் சத்தியதாஸுக்காக அந்த வெள்ளைப் பையைக் கட்டியபோது சத்தியதாஸ் உயிரோடு இருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் ரப்பர் மரங்களுக்கு நடுவே தன் வீட்டில் தனியாக வாழ்ந்தவர். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் இங்கிலாந்திலிருந்த மகன் சிபி முதலில் போன் பண்ணியது பிந்துஜாவுக்கு. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு.

கனடாவிலிருந்த மகள் மினியின் குரல் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "பிந்து, குடும்பத்துல எல்லாரும் ஒரே வெள்ளை போடணும். க்ரீம் வேண்டா, கேட்டோ? வீடியோல க்ரீம் அழுக்கு மாதிரித் தெரியும்." அடுத்தது: "அப்பாவுக்க போட்டோ ஒண்ணும் கொள்ளாது. எல்லாத்துலயும் காக்கிச் சட்டை. கோட்டு போட்டதுபோல ஆக்க முடியுமா?" முடியும் என்று பிந்துஜா பதில் அனுப்பினாள். கோட்டு மட்டும் என்ன, இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் கிரீடமே வைத்துத் தந்திருப்பாள்.

கறுப்பு ரிப்பன், ஊக்கு, வெள்ளைக் கைக்குட்டை, கையுறை, பஞ்சு, வாசனைத் தண்ணீர், மெழுகுவத்தி, மைக்குக்கு பேட்டரி, மயங்கி விழுகிறவர்களுக்கு குளுக்கோஸ். மயங்கி விழுகிறவர்கள் எப்போதும் தூரத்துச் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள், சொந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு நேரமிருக்காது. மினிக்கென்று ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வைத்தாள். முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியாயிற்று. நாற்காலி இறக்கியாயிற்று. சிபியும் மினியும் வந்து சேர்ந்தாயிற்று. இறப்பதற்கு ஆள்தான் பாக்கி.

அந்த ஆள் இறக்கவில்லை. பிள்ளைகள் வந்த மறுநாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டுக் குடித்து, பயறுக்கு உப்பில்லை என்று நர்சைத் திட்டினார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னபோது சிபியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குக்கூட அவ்வளவு வருத்தம் வராது.

காரிலிருந்து இறங்கிய சத்தியதாஸ் தன் வீட்டு முற்றத்தையும் தார்ப்பாயையும் அடுக்கி வைத்த நாற்காலிகளையும் நின்று பார்த்தார்.

"இது ஏது கல்யாணம், எலே?" என்று மகனைக் கேட்டார்.

"கல்யாணம் இல்லப்பா. வெயிலுக்கு கெட்டினது."

"எனக்க முற்றத்துக்கு வெயில் இன்னைக்கா வந்துது?"

சிபி மருந்துக் கவரை எடுக்கப் போய்விட்டான். மினி அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கணக்கை முடித்துக் கிளம்பலாம் என்று வந்திருந்த பிந்துஜா, வெள்ளைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். பயன்படாமல் போன அடக்கத்தை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவளுக்கும் அனுபவமில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பிந்துஜா பிள்ளே, இஞ்ச வா. அந்தப் பையையும் எடுத்துட்டு வா."

"அதுல ஒண்ணும் இல்ல மாமா."

"எத்தனை பையைப் பாத்தவனாக்கும் நான். உள்ள கருவாடு இருக்கா, கோழி இருக்காண்ணு மணத்துச் சொல்லுவேன். திற."

திறந்தாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவர் தன் அடக்கச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கைக்குட்டையை விரலால் தேய்த்து, "இது மூக்கு பிழியக் கொள்ளாது, வழுக்கும்" என்றார். வாசனைத் தண்ணீரை முகர்ந்து, "இது எனக்கா, வாறவனுக்கா?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றதும் கழுத்தில் இரண்டு சொட்டு தடவிக்கொண்டு, கொள்ளாம், நல்ல மணம் என்று தலையாட்டினார். கோட்டுப் போட்ட படத்தைப் பார்த்ததும்தான் கோபம் வந்தது.

"இது யாரு பிள்ளே? எனக்க தலைய வெட்டி யாருக்க உடம்புல ஒட்டி வச்சிருக்கு?"

"மினிச்சேச்சி சொல்லி கம்ப்யூட்டர்ல செய்தது, மாமா."

"காக்கி போட்டு எடுத்த படம் அலமாரியில கிடக்கு. அந்தக் காக்கியிலயாக்கும் அவ டாக்டரம்மா ஆனது." கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். "இது?"

"மினிச்சேச்சிக்கு. அழுத கண்ணு தெரியாம இருக்க."

"அழாத கண்ணு தெரியாம இருக்கண்ணு சொல்லு."

பிந்துஜா சிரித்துவிட்டாள். தொழிலுக்கு வந்த பிறகு அவளுக்குப் பிடித்துப்போன முதல் வாடிக்கையாளர் இந்த மனிதர்தான், அதுவும் சாகாமல் போனவர்.

அவர் பையை அவளிடம் தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேளு மக்கா. இவிய சனிக்கிழமை பிளைட் ஏறிருவாவ. அது கழிஞ்சா நான் எனக்க வீட்டுல ராஜாவாக்கும். மத்தியானம் பாறசாலைக்கு பஸ் ஏறணும், புதுசா வந்த கண்டக்டர் பையனுவளுக்கு நாலு குறை சொல்லணும், ஒரு சாயா குடிச்சிட்டுத் திரும்பணும். அது போதும் எனக்கு. என்னை எங்கயாவது கொண்டு தள்ளலாம்ணு இவியளுக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆஸ்பத்திரியில கண்ணடச்சுக் கிடந்தாலும் காதடச்சுக் கிடக்கல்ல நான். கொண்டுபோகட்டு பாப்போம். வாசப்படியில உக்காந்து ஒரு கூப்பாடு போட்டா ஆரியங்கோடு முழுக்க ஓடி வரும். பஸ்ஸுல இருந்து எத்தனை பேரை இறக்கி விட்டவன் நான். என்னை இறக்கி விட ஒருத்தனும் பிறக்கல்ல."

அவர் செய்வார் என்பதில் பிந்துஜாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குரலைக் கேட்டு முன்வாசலில் தொங்கியவர்கள் பின்வாசல் வழியாக இறங்கிப் போயிருக்கிறார்கள்.

முற்றத்தில் சிபி அவளுக்காகக் காத்திருந்தான். தார்ப்பாய்க்கு அடியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பிந்துஜா, ஒரு பிரச்சினை. நான் ஆபீஸ்ல அப்பா மரிச்சுட்டாருன்னுதான் சொல்லியிருக்கேன். சீரியஸ்ன்னு சொன்னா இத்தனை நாள் லீவு தரமாட்டாங்க. அவங்க பூவெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. இனி நிஜமா ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி வாறது?"

பிந்துஜா தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஆளுக்கு ஒரு அப்பன், அவன் ஒரு தடவை செத்தால் போதும் என்று அந்தக் கம்பெனி நினைத்தால் அதில் என்ன தப்பு? பெற்ற அப்பனை முன்கூட்டியே கொன்று லீவு வாங்கியவனுக்கு, அப்பன் பிழைத்தது நஷ்டமாகத்தான் இருக்கும்.

"அப்பம் இந்தப் பந்தலைப் பிரிச்சிரட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேண்டா, வேண்டா. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஸ்தோத்திரக் கூட்டம் ஒண்ணு வைப்போம். அப்பா பிழைச்சதுக்கு. பிளைட்டுக்கு முந்தின நாள். இதே நாற்காலி, இதே பூ, மைக் செட்டும் இருக்கு. என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? அடக்கத்தைப் பிரித்து ஸ்தோத்திரம் தைத்துத் தரச் சொல்கிறார்கள். தைத்துக் கொடுத்தாள். கறுப்பு ரிப்பன் போய் ரோஜாப்பூ வந்தது. பூச்சிலுவைக்குச் சொல்லியிருந்த வெள்ளைப் பூவெல்லாம் மேடைக்குத் தோரணமானது. கோட்டுப் போட்ட படத்துக்கு அடியில் இருந்த பிறந்த தேதியையும் இறந்த தேதிக்கு விட்டிருந்த இடத்தையும் எடுத்துவிட்டு 'அன்பு அப்பாவுக்கு' என்று எழுதி பிளெக்ஸ் அடித்தார்கள். குடும்பத்துக்கு எடுத்த வெள்ளை உடுப்பை மாற்ற வேண்டியதில்லை என்று மினி சொல்லிவிட்டாள், வெள்ளை என்றால் சமாதானமாம். கட்டன்காப்பியும் பிஸ்கட்டும் இருந்த இடத்தில் பிரியாணி வந்தது. மேடையின் நடுவில் பெட்டி வைக்க அளந்து போட்ட இடத்தில் ஒரு சோபா போட்டாள். அதில் பெட்டிக்குரியவரே வந்து உட்காரப் போகிறார் என்பது ஒன்றுதான் அந்த ஏற்பாட்டில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

கூட்டத்தன்று காலையில் சிபியும் மினியும் அவளைச் சமையல்பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். சிபி ஒரு புதுப் பயணப் பையையும் இரண்டு கடைக் கவர்களையும் நீட்டினான்.

"ஒரு சின்ன ஹெல்ப். இதையெல்லாம் இதுக்குள்ள அடுக்கித் தரணும்."

கவருக்குள் பார்த்தாள். ஒரு ஸ்டீல் தட்டு, தம்ளர், இரண்டு லுங்கி, துண்டு, சோப்பு டப்பா, ரப்பர் செருப்பு, படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட்.

"எல்லாத்துலயும் பேரு எழுதி ஒட்டணும்னு அவங்க சொல்லியிருக்காங்க" என்றாள் மினி. "இல்லேன்னா அங்க மாறிப்போகுமாம்."

"எங்க?"

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஓர் இடம் என்றான் சிபி. "ஓல்டேஜ் ஹோம்னு மட்டும் நினைச்சுராதீங்க. அசிஸ்டட் லிவிங். இன்டர்நெட்ல நல்லா எழுதியிருக்காங்க. சாப்பிட்டு முடிஞ்சதும் ஒரு செக்கப்னு சொல்லி கார்ல ஏத்துவோம். பை டிக்கியில இருக்கட்டும்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏறுவாரா?" என்றான் சிபி, ரொம்ப நியாயமான கேள்வியைக் கேட்டதுபோல. மினி அவள் தோளில் கை வைத்தாள். "எனக்கு இதையெல்லாம் அடுக்க மனசே வரல, பிந்து. நீதானே பேக்கிங்ல எக்ஸ்பர்ட்."

மனசு வரவில்லையாம். மனசு வராத வேலையெல்லாம் செய்யத்தான் பாறசாலையில் ஒருத்தி பலகை மாட்டி உட்கார்ந்திருக்கிறாள். பிந்துஜா தரையில் உட்கார்ந்து துணி டேப்பைக் கிழித்துக் கிழித்து சத்தியதாஸ், சத்தியதாஸ் என்று எழுதினாள். தட்டில் ஒட்டினாள், தம்ளரில் ஒட்டினாள், லுங்கியின் ஓரத்தில் ஒட்டினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா ஒட்டுவதுபோல அழகாக ஒட்டினாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. ரப்பர் ஷீட்டை மடிக்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மனிதர் மூத்திரத்துக்குத் தானே எழுந்துபோகிறார். யாரைக் கேட்டு இதை வாங்கினார்கள்?

பையை மூடிவிட்டு ரோஜாப்பூவும் ஊக்குமாக அவரிடம் போனாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, ஷேவ் செய்து, குஷியாக நின்றுகொண்டிருந்தார். "குத்திராத பிள்ளே. செத்துக் கிடந்திருந்தா எங்க வேணும்னாலும் குத்தியிருக்கலாம்" என்றார். அறையில் வேறு யாருமில்லை. சொல்ல ஒரு நிமிடம் போதும். மாமா, டிக்கியில் ஒரு பை இருக்கிறது, காரில் ஏறாதீர்கள். அவ்வளவுதான்.

அவள் சொல்லவில்லை. பயத்தினால் அல்ல. பூவைக் குத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது, வந்ததும் பிடித்துப்போயிற்று. இந்தப் பக்கங்களில் அன்பளிப்பை மைக்கில் சொல்லாமல் கொடுத்தால் கொடுத்ததாகவே சேர்த்தி இல்லை. மிக்ஸி கொடுத்தாலும் மேடையில் ஏறி, அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஜாரைத் தூக்கிக் காட்டி, இன்னாரின் அன்பளிப்பு என்று சொல்லிக் கைதட்டு வாங்க வேண்டும். பிள்ளைகளின் அன்பளிப்பையும் அப்படியே கொடுத்தால் என்ன? சபை முழுக்க இருக்கும், அச்சன் இருப்பார், வெளிநாட்டுக் கூட்டம் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும். சிபி முகத்தை எங்கே கொண்டு வைப்பான் என்று பார்த்துவிட வேண்டும். அவளுக்கு அந்தக் காட்சி இப்போதே தெரிந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும் என்பது உட்பட. ஒரு மனிதனைக் காப்பாற்றுவதைக்கூட மேடை போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அவள் தொழில் அவளைப் பழக்கியிருந்தது.

கூட்டம் நிறைந்துவிட்டது. சாவுக்கு வர ஏற்பாடு செய்திருந்தவர்கள் பிரியாணிக்கும் தவறாமல் வந்தார்கள். அச்சன் ஜெபித்தார். அப்பா எங்களுக்காகப் பட்ட கஷ்டத்தைப் பற்றி சிபி பேசினான், நடுவில் குரல் உடைந்து தண்ணீர் குடித்தான். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சோபாவில் உட்கார்ந்திருந்த சத்தியதாஸ் வந்தவர்களை எண்ணுவதுபோல வரிசை வரிசையாகப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார்.

சிபி இறங்கப்போன நேரத்தில் பிந்துஜா மைக்கை வாங்கிக்கொண்டாள். "அடுத்ததாக, அன்பு அப்பாவுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் அன்பளிப்பு. சிபியண்ணனும் மினிச்சேச்சியும் மேடையில் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

தாங்கள் சொல்லாத நிகழ்ச்சி ஒன்று வந்ததில் இருவரும் விழித்தார்கள். ஆனாலும் வீடியோ ஓடுகிறதே, சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். பிந்துஜா பயணப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து ஜிப்பைத் திறந்தாள். சிபியின் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

"ஸ்டீல் தட்டு ஒன்று. பெயர் எழுதியது" என்று தூக்கிக் காட்டினாள். யாரோ கைதட்டத் தொடங்கி, ஒன்றும் புரியாமல் நிறுத்தினார்கள். "தம்ளர் ஒன்று. பெயர் எழுதியது. லுங்கி இரண்டு. பெயர் எழுதியது." செருப்பைக் காட்டினாள். கடைசியில் ரப்பர் ஷீட்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். சமையல்பந்தலில் கரண்டி விழும் ஓசைதான் கேட்டது. "இவ்வளவையும் கொண்டு மாமா இன்றைக்கு எங்கே போகிறார் என்பதைச் சிபியண்ணன் சொல்வார்" என்று மைக்கை நீட்டினாள்.

சிபி மைக்கை வாங்கவில்லை. தலை தொங்கிவிட்டது, காது இரண்டும் சிவந்துவிட்டன. மினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அச்சன் சிபியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிந்துஜாவுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சிவரை குளிர்ந்தது. இனி கிழவர் எழுந்து இரண்டு பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார், சபையே அவர் பக்கம் நிற்கும், கார் காலியாகப் போகும்.

சத்தியதாஸ் பையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை, முதலில் மகளையும் அப்புறம் மகனையும், ரொம்ப நேரம் பார்த்தார். கையை நீட்டினார். "இஞ்ச தா."

மைக்கை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்குதிய? எனக்க பிள்ளைய நான் கேட்டாக்கும் இதையெல்லாம் வாங்கித் தந்தது. ஒத்தைக்கு இருந்து எனக்கு மடுத்துப்போச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கும்போ நான்தான் சொன்னேன், நெய்யாற்றின்கரைப் பக்கம் நல்லதா ஒரு இடம் பாருங்கலே, எனக்கு நாலு ஆளோட இருக்கணும்ணு. இவிய ரெண்டுபேரும் வேண்டாண்ணு அழுதாவ. நான்தான் பிடிச்ச பிடியில நின்னேன். இண்ணைக்குத்தான் போறேன். எல்லாரும் வயிறு நிறையத் தின்னுட்டுப் போணும்."

ஒரு கணம் கழித்து அச்சன் "ஸ்தோத்திரம்" என்றார். அது போதுமாக இருந்தது. பந்தல் முழுக்கக் கைதட்டியது. அப்பனின் விருப்பத்தைக் கேட்டுச் செய்கிற பிள்ளைகள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள் என்று முன்வரிசையில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். தலை தொங்கி நின்ற சிபி மெதுவாக நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் மைக்கையும் வாங்கினான். அப்பாவுக்கு எது சந்தோஷமோ அதுதான் எங்களுக்கும் என்று ஆரம்பித்து, அந்த இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் உண்டு என்பதுவரை விளக்கினான். அவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதனுக்கு வெட்கம் தெளியும் என்று பிந்துஜா எதிர்பார்க்கவில்லை. அவள் இன்னும் ரப்பர் ஷீட்டைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

சாப்பாடு முடிந்து கார் வாசலுக்கு வந்தது. வழியனுப்ப ஊரே திரண்டு நின்றது. கூப்பாடு போட்டு அவர் கூட்ட நினைத்த அதே ஊர், கூப்பிடாமலே வந்து, சிரித்த முகத்தோடு கையசைத்துக்கொண்டிருந்தது. சத்தியதாஸ் வாசப்படியை நிற்காமல் கடந்து வந்தார். பிந்துஜா கார்க் கதவை மறித்தாள்.

"மாமா, ஏறாதீங்க. மாட்டேன்னு சொல்லுங்க. இப்பவும் சொல்லலாம்."

"யாருட்ட சொல்லச் சொல்லுதே? சபை முழுக்கக் கேட்டாச்சு. இனி மாட்டேன்னா நான் பறஞ்சது கள்ளம்ணு ஆவும். என்னத்துக்குக் கள்ளம் பறஞ்சேன்னும் தெரிஞ்சு போவும்."

"நான் உங்களுக்காகத்தான் மாமா செஞ்சேன்."

"எனக்குத் தெரியும்." அவர் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "தனியா விட்டிருந்தா ரெண்டையும் சாணியில முக்கி எடுத்திருப்பேன் பிள்ளே. அப்பனும் மக்களும் வீட்டுக்குள்ள எப்படி வேணும்னாலும் அடிச்சுக்கிடலாம். அச்சனும் ஊரும் பாத்திட்டு நிக்கும்போ பெத்தவன் என்ன செய்வான்? நீ கொண்டுவந்து மைக்கைக் கையில தந்துட்டியே."

அவளை மெல்ல விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சிபி பயணப் பையை டிக்கியில் வைக்காமல், எல்லாரும் பார்க்கும்படி அவர் மடியில் வைத்தான். கார் ரப்பர் மரங்களுக்கு இடையில் திரும்பி மறைந்தது.

பிந்துஜா போய் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் புத்தியை நினைக்க நினைக்கக் கேவலமாக இருந்தது. ஊரில் இருக்கிற முட்டாள்களையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தவள், அவர்களில் ஒருத்தர்கூடச் செய்ய முடியாததைச் செய்து முடித்திருந்தாள். சிபியால் ஏற்ற முடியாத மனிதரை அவள்தான் காரில் ஏற்றி அனுப்பினாள்.

"பிந்துஜா, ஒண்ணு பறயட்டா?" சபையில் முன்வரிசையில் உட்காருகிற ஓமனக்குட்டி பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பற்றி ஊரெல்லாம் அலுத்துக்கொள்கிறவள். வாயில் பிரியாணி வாசனையும் கண்ணில் புது வெளிச்சமுமாக இருந்தாள். "எனக்க மாமிக்கும் இதுபோல ஒண்ணு செய்து தரணும். பையை மேடையில வச்சு, ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, கடைசியில மைக்கை அவிய கையில குடுக்கணும். அதாக்கும் கொள்ளாம். அவியளும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ, ஊரும் ஒண்ணும் சொல்லாது."

"நான் செய்ய மாட்டேன், சேச்சி. இனி யாருக்கும் செய்ய மாட்டேன்."

ஓமனக்குட்டிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குச் சமயமில்லேன்னா வேண்டா மக்கா. மைக் செட்டுக்காரன்கிட்ட பறஞ்சா போதும். எப்படிச் செய்யணும்னுதான் எல்லாரும் பாத்தாச்சே."